கரிசலில் ஒரு கோவென்ட்ரி கார்

பழைய காரைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது, “எந்த வருசத்து வண்டி?” என்று. அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் கேட்பது, “எந்த ஊரில் நின்ற வண்டி?” என்று. இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதம் இறங்கிய இரண்டு கார்களில் ஒன்றை இங்கிலாந்திலும் மற்றதைக் கோவில்பட்டியிலும் அறுபது வருடம் வைத்திருந்தால், இரண்டும் இரண்டு விதமாகக் கெடும். அங்கே தகடு போகும், ரப்பர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இங்கே தகடு நிற்கும். ரப்பர், பித்தளை, ரேடியேட்டர், பெயிண்ட் எல்லாம் போகும்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே சீரமைப்பது எப்படி என்று சொல்லும் கையேடுகள் இங்கிலாந்தில் ஏராளம். பெரும்பாலானவை துருவில்தான் தொடங்கும். கரிசல் காட்டில் அந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் இறங்கிய அண்ணன்

கோவில்பட்டியில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கே போவது? ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கைத் திறந்த கார் 1962 முதல் 1980 வரை தயாரானது. மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நினைவுக்கு வரும் முதல் நாலைந்து பெயர்களில் அதுவும் ஒன்று. அதன் அண்ணன் தமிழ்நாட்டில் தயாரான கார் என்பது பலருக்குத் தெரியாது.

கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனம் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற குடும்பக் காரைக் கொண்டுவந்தது. மூன்று வருடம் கழித்து அதன் சேஸியைக் குட்டையாக்கி, அதே வழிவந்த எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பூட்டி, மேலே தாழ்வான ஒரு பாடியை வைத்தார்கள். அதுதான் ஸ்பிட்ஃபயர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஹெரால்டுக்கு 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83 அங்குலம். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோட்டி.

1961-ல் இந்த ஹெரால்டு சென்னைக்கு வந்து ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஆனது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூர்ப் பக்கம் இதைத் தயாரித்தது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்றுக்குள்ளேயே ஒரு தலைமுறை கார் வாங்கி முடித்த காலம் அது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு 1960களின் பிற்பகுதியில் இங்கே வந்தது. 1970களின் தொடக்கத்தில் முகம் மாறி, கெசல் என்ற பெயரில் வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றும் போனது.

எஞ்சினின் கதையைக் கேட்டால் உறவு இன்னும் தெளியும். 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சி.சி.யில் பிறந்த எஞ்சின் 948, 1147, 1296 என்று வளர்ந்தது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் இத்தனைக்கும் 76 மில்லிமீட்டர்தான். சிலிண்டரின் அகலத்தை மட்டும் 58-லிருந்து 63, 69.3, 73.7 என்று கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியாக வந்த 1493 சி.சி. எஞ்சினில்தான் அந்தத் தூரம் 87.5 ஆனது. நம் ஊர் ஹெரால்டு கடைசிவரை 948 சி.சி.யிலேயே ஓடியது. ஹெரால்டில் கைபழகியவருக்கு ஸ்பிட்ஃபயரின் எந்தப் பாகமும் புதிராக இருக்காது.

வீட்டில் கழற்றிப் பார்க்க ஹெரால்டைப் போல் தோதான கார் குறைவு. அதற்குக் காரணம் ஒரு வியாபாரப் போட்டி. ஸ்டாண்டர்டு-ட்ரையம்புக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் எதிராளியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. சேஸியும் பாடியும் ஒன்றாகப் பற்றவைத்த நவீனக் கூடு அன்றைக்குப் பரவிக்கொண்டிருந்தது. அதைச் செய்து தர ஆள் இல்லாமல் போகவே, தனிச் சேஸி ஒன்றைச் செய்து, வெவ்வேறு பட்டறைகளில் அடித்த தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். நிறுவனத்துக்கு அது வேறு வழியில்லாத ஏற்பாடு; துண்டு துண்டாக அனுப்பி வெளிநாட்டில் பூட்டவும், சொந்தக் கொட்டகையில் ஒருவர் தனியாகக் கழற்றவும் அது பெரிய வசதியாகிவிட்டது. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் தலையின் மூலைகள் மழுங்கிவிடும். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர் என்பதால் அதற்கு 19 பொருந்தும். எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று நினைவு வைத்துக்கொள்வதைவிட அங்குல ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவிடுவது மலிவு.

துருவுக்குத் தேவை தண்ணீர்

இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் தண்ணீரும் சேர்ந்து வேண்டும். ஒன்றில்லாவிட்டால் மற்றதால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை சுத்தமான இரும்பில் துரு மிக மெதுவாகவே படரும். அதற்கு மேலே போனால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று தகட்டின்மேல் உட்காரும். அந்தப் படலத்துக்குள் இரும்பு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து கரையும் இடம் ஒன்று, ஆக்ஸிஜன் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று என்று ஒரு குட்டி மின்கலமே உருவாகிவிடும்.

இதில் உப்பு சேர்ந்தால் மின்சாரம் இன்னும் தாராளமாக ஓடும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் சேஸியின் மூலைமுடுக்கெல்லாம் ஏறும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இரண்டு தகடு சேரும் இடத்தில் புகுந்தால் பற்றவைப்பையே பிளந்துகொண்டு வெளியே வரும். அந்த ஊர்க் கையேடுகள் துருவில் தொடங்குவது இதனால்தான்.

கோவில்பட்டியின் காற்று வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் வருடத்தில் பெரும்பகுதி வறட்சிதான். குச்சி காயவும் மருந்து காயவும் வேண்டிய வறண்ட காற்று இருந்ததால்தான் தீப்பெட்டித் தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. குச்சியைக் காயவைக்கும் அதே காற்றுதான் தகட்டையும் காக்கிறது. தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர் போய்த் தூத்துக்குடியில் உப்பளத்துப் பக்கம் அதே காரை நிறுத்தினால் கதை மாறிவிடும். சமையல் உப்பு, காற்றில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்போடு கலந்துவரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வெயில் காய்கிற பகலிலும் அந்தத் தகடு முழுவதுமாக உலர்வதில்லை. ஆகவே பழைய கார் வாங்கப் போகும்போது, கடலோரத்திலிருந்து வந்த பளபளப்பான வண்டியைவிடக் கரிசல் ஊரில் மங்கிக் கிடக்கும் வண்டியின் இரும்பை நம்பலாம்.

ஆனால் கரிசல் வண்டியிலும் துருவுக்கு ஒரு ஒளிவிடம் உண்டு. மழையில் பைதாவோடு ஏறி, சேஸியின் குழிகளில் அப்பிக்கொள்ளும் களிமண் வாரக்கணக்கில் ஈரம் விடாது. மண் மூடிய இடத்துக்கு ஆக்ஸிஜன் குறைவு, பக்கத்துத் தகட்டுக்கு அதிகம். இந்த வேற்றுமை ஒன்றே மின்கலம் உருவாகப் போதும். அதில் கரைவது எப்போதும் மண்ணுக்கு அடியில் உள்ள இடம்தான். மேலே கையால் தட்டினால் டங்கென்று கேட்கும் சேஸி, அடியில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே போவது இப்படித்தான். கரிசல் வண்டியில் முதல் வேலை, அடியில் காய்ந்து கிடக்கும் மண்ணைச் சுரண்டி எடுப்பது.

தொழுவத்தில் நின்றால் பித்தளை போகும்

கிராமத்தில் ஓடாத கார் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் மாட்டுத்தொழுவம். மேலே கூரை இருக்கிறது, வெயில் படாது, மழை படாது. இரும்புக்கு அது நல்ல இடம். பித்தளைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

இந்தப் பாடத்தை உலகம் கற்றதே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. யாரும் தொடாமலேயே தோட்டாக்களின் பித்தளை உறைகள் விரிசல் விட்டன. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையில் உள்ள செம்பைக் கரைக்கிறது. எந்த இடத்தில் உலோகத்தை இழுத்தோ அடித்தோ உருவாக்கியதால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கியிருக்கிறதோ, அந்த இடத்தைத் தேடிப்போய் அரித்து விரிசலாக்குகிறது.

அந்தக் காலத்துக் காரின் ரேடியேட்டர் தொட்டிகள் அடித்து வளைத்த பித்தளை, இதழ்கள் செம்பு, கார்புரேட்டர் ஜெட் பித்தளை, வயர் முனைகளும் பித்தளை. மாட்டு மூத்திரத்திலிருந்தும் அதே அமோனியாதான் வருகிறது. தொழுவத்திலிருந்து இழுத்துவந்த வண்டியில் பித்தளை மேல் நீலம் பாய்ந்திருந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்காமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. மயிரிழை விரிசல் வெறுமனே பார்த்தால் தெரியாது. சூட்டில் அழுத்தம் ஏறும்போதுதான் பீச்சும்.

நகரும் தரை

கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கனமே உள்ள படலங்கள் ஏட்டுச்சுவடி போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மழை பெய்தால் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அடுக்கு உப்பும். கோடையில் தண்ணீர் வெளியேறி ஒடுங்கும். சித்திரையில் கை முழுக்கப் போகும் வெடிப்புகளும், ஐப்பசியில் செருப்பைப் பிடித்து இழுக்கும் சேறும் ஒரே கனிமத்தின் வேலை. வீட்டுச் சுவர் விரிசல் விடுவதும் இதனால்தான்.

கார் வேலைக்கு இது ஒரு தலைவலி. ஹெரால்டின் பாடி நிமிர்ந்து நிற்பதே சேஸியின் நேர்த்தியால்தான். சேஸி கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் கதவு இடுக்கு மேலே அகன்று கீழே குறுகும். கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கும். கதவில் கோளாறு என்று கீல்களைத் தட்டிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. அளக்க வேண்டியது சேஸியை. அதை அளக்கச் சமதரை வேண்டும். சமதரையைத்தான் கரிசல் தராது. சிமென்ட் தளம் போட்டாலும் அடுத்த மழைக்கு ஒரு மூலை எழும்பும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, சரள் மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்த பிறகு தளம் போடுவது இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் அறிந்த வழி. அப்படிப் போட்ட தளத்தையும் வேலைக்கு முன் ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சேஸியை அளக்கக் கொத்தனாரின் சாமான்களே போதும். காரை நாலு ஸ்டாண்டில் ஏற்றி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் நாலு மூலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சேஸியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள போல்ட் ஓட்டைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது நிற்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். முன் இடது புள்ளியிலிருந்து பின் வலது புள்ளிக்கு ஒரு தூரம், முன் வலதிலிருந்து பின் இடதுக்கு ஒரு தூரம். இரண்டும் ஒன்றானால் சேஸி சதுரம். ஒன்று நீளமாக இருந்தால் எப்போதோ ஒரு மூலையில் அடி வாங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்து அளக்கும் பட்டறையிலும் கணக்கு இதுதான். செங்கோணச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டமும் சமம் என்று எட்டாம் வகுப்பில் படித்தது.

அளக்கும்போது பின் சக்கரங்கள் இரண்டும் உள்பக்கமாக மடங்கித் தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹெரால்டின் பின் அச்சு நடுவில் இருந்து இரண்டு சிறகாக ஆடும் வகை. சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கி, பின்பக்கம் தூக்கிக்கொள்வது இந்த அமைப்பின் பழைய குறை. 1970-ல் ஸ்பிட்ஃபயரில் பின் சஸ்பென்ஷனின் நடு வில்லைச் சாய்ந்தாட விட்டு இதைச் சமாளித்தார்கள். சென்னைக்காரர்கள் கெசலில் அந்த அச்சையே மாற்றி, லாரி, ஜீப்பில் உள்ளதுபோல் ஒரே கட்டையான அச்சைப் போட்டார்கள்.

கிரீஸ் போடாதே

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் உயிர்ச்சேதம் விளைவிக்கக்கூடிய ஒரு பாகம் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அதை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையே சுழன்று கொடுக்கும். காரின் முன்பாரம் முழுவதும் அந்த மரைகளின் மேல்தான்.

தயாரித்தவர்கள் சொன்னது, இதில் 90-ஆம் நம்பர் கியர் ஆயில் விட வேண்டும் என்று. கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, மேலே கசியும் வரை அடிக்க வேண்டும். பார்ப்பதற்குக் கிரீஸ் நிப்பிள் போடும் இடம் போலவே இருப்பதால், உலகம் முழுக்க மெக்கானிக்குகள் கிரீஸை அடித்தார்கள். ஆயில், மரைகளின் நடுவே உள்ள இடுக்கில் தானாகவே ஊர்ந்து கடைசி மரை வரை போகும். கிரீஸ் போட்ட இடத்திலேயே நிற்கும். நாளானால் அதிலுள்ள எண்ணெய் வடிந்து சோப்பு மட்டும் கெட்டிப்படும். அடிமுனையில் ஆயில் போகாத இடத்துக்குத் தண்ணீர் போகும். மரையின் அடிக்குழியில் துரு ஒரு சிறு பள்ளம் போட்டால் போதும், பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க அதிலிருந்தே விரிசல் ஓடி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடியும்.

கரிசல் காட்டில் இதற்கு இன்னொரு ஆபத்தும் கூடுகிறது. காற்றில் வரும் புழுதியில் உள்ள குவார்ட்ஸ் துகள் எஃகைவிடக் கடினம். கிரீஸோடு அது சேர்ந்தால், வால்வு கிரைண்டிங்குக்கு உபயோகிக்கும் பேஸ்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் மரையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆயில் அடிக்கும்போது பழைய அழுக்கும் சேர்ந்தே வெளியேறிவிடும். பழைய வண்டி கைக்கு வந்தால் இந்தத் தண்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் ரோட்டில் ஏற்றக் கூடாது.

வெயில், தண்ணீர், பெட்ரோல்

இனி கரிசல் வண்டியின் உண்மையான எதிரியான வெயிலுக்கு வருவோம். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இடையிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் மிகச் சிறிய அளவில் உள்ள ஓசோன் அந்தப் பிணைப்புகளை வெட்டும். ஆக்ஸிஜன், சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்து இறுக வைக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் இரண்டையும் முடுக்கும். இந்த மாதிரி வேதிவினைகள் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமெடுக்கும். மூடிய கொட்டகையில் வருடம் முழுக்க 15 டிகிரியில் கிடக்கும் ரப்பருக்கும் 35 டிகிரியில் கிடக்கும் ரப்பருக்கும் வயதில் நான்கு மடங்கு வித்தியாசம். பிரேக் வாஷர், ஹோஸ், ஃபேன் பெல்ட், எஞ்சின் மவுண்ட், ஸ்டியரிங் புஷ் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது.

ரேடியேட்டர் மூடியில் உள்ள சின்ன ரப்பர் வளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 111 டிகிரி வரை போகும். அந்த வளையம் கெட்டிப்பட்டு வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, பதினோரு டிகிரி பாதுகாப்பு போய்விடும். மே மாதத்துக் கோவில்பட்டியில் அந்தப் பதினோரு டிகிரி பெரிய விஷயம். எஞ்சின் சூடாகிறது என்று ரேடியேட்டரைப் பிரித்துப் போடுகிறவர்கள் முதலில் மூடியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது உள்ளே ஊற்றும் தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடானால் கல்லாகப் படியும். சர்க்கரையும் உப்பும் சூட்டில் அதிகம் கரைய, இது மட்டும் சூட்டில் பிரிந்து படிகிறது. எஞ்சினில் எந்த இடம் அதிகம் சுடுகிறதோ, அதாவது வால்வைச் சுற்றி, அந்த இடத்தில்தான் முதலில் படியும். கல் சூட்டைக் கடத்தாது, வால்வு வெந்துபோகும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலண்ட் கலந்து ஊற்ற வேண்டும். மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டிப் பிடித்த மழைத் தண்ணீரும் உதவும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. அந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தவை. எரியும்போது ஈயம் வால்வு உட்காரும் இடத்தில் படிந்து மெத்தையாகும். அது இல்லாமல் சூட்டில் இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்ந்து, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் நின்றது. ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் வளையங்களை லேத்தில் கடைந்து பதித்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு ஒன்பதே போதும், ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. புதுக் கார் இதைத் தானே உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட்டின் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் போகும். அதனால் எரிபொருள் போதாமல் எஞ்சின் சூடாக ஓடும். ஒரு அளவு பெரிய ஜெட் போட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பி நைந்துவிடும். கசியும் இடம் சூடான எஞ்சினுக்கு மேலே என்பதால் இது தீவிபத்துக்கான வழி. விட்டான் போன்ற ஃப்ளூரோ ரப்பர் ஹோஸுக்கு மாறியே ஆக வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, ஒரு கட்டத்தில் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கும்.

சலவைச் சோடா வைத்தியம்

கழற்றிய சிறு பாகங்களில் உள்ள துருவை எடுக்க, வீட்டில் செய்யக்கூடிய அழகான முறை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த பாகத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் மைனஸை அதில் கொடுக்க வேண்டும். வேண்டாத இரும்புத் தகடு ஒன்றைத் தொடாமல் தள்ளி நிறுத்தி, அதற்குப் பிளஸ்.

12 வோல்ட் பாய்ந்ததும் பாகத்தைச் சுற்றி நுண்குமிழிகள் கிளம்பும். துருப்பிடிக்கும்போது இரும்பு இழந்த எலக்ட்ரான்களை இப்போது சார்ஜர் திருப்பிக் கொடுக்கிறது. செந்துரு கறுப்பாக மாறிப் பொடியாகும். குமிழிகள் அதை உள்ளிருந்து தள்ளிக் கழற்றிவிடும். மறுநாள் எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நல்ல இரும்பும் சேர்ந்து தேயும். இதில் நல்ல இரும்புக்கு ஒரு சேதமும் இல்லை. எடுத்தவுடன் துடைத்து, வெயிலில் காயவைத்து, பிரைமர் அடித்துவிட வேண்டும்.

மூன்று எச்சரிக்கை. பிளஸ் பக்கம் எவர்சில்வர் தட்டைப் போடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும். ஸ்பிரிங், கடினமாக்கிய எஃகு போல்ட், மேலே சொன்ன ட்ரனியன் தண்டு போன்றவற்றை இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். கிளம்பும் குமிழிகள் ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் தீக்குச்சி உரசக் கூடாது என்று தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எதை மாற்றலாம், எதை விடலாம்

மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. பதிவு செய்து ஐம்பது வருடம் தாண்டிய, சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. ஹெரால்டுகள் அனைத்தும் இந்த வயதைத் தாண்டிவிட்டன; கெசல்களும் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த விதியில் கரிசல் வண்டிக்கு ஒரு சாதகம் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் சீரமைத்த பல கார்களில் சேஸியும் தரைத்தகடும் புதிதாக வெட்டிப் பற்றவைத்தவை. பழைய காரில் எதைப் பழையதாக வைத்திருக்க வேண்டுமோ, அதைத்தான் அந்த ஊர் ஈரம் முதலில் தின்கிறது. இங்கே அந்த இரும்பு பெரும்பாலும் அசல். இங்கே கெட்டுப்போகும் ரப்பரும் ஹோஸும் வாஷரும் வயரும் எந்தக் காலத்திலும் மாற்றுவதற்கென்றே செய்தவை. மாற்றினால் வண்டியின் அசல்தன்மை குறையாது. லூகாஸ் மின்கருவியும் கர்லிங் பிரேக்கும் 1960களின் தொடக்கத்திலேயே லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்ற பெயர்களில் சென்னை பாடியில் வேர்விட்டவை. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் அளவுக்கு ஒத்ததைத் தேடித் தரவோ, லேத்தில் கடைந்து தரவோ மதுரையிலும் கோவில்பட்டியிலும் ஆள் கிடைக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: அடிமண்ணைச் சுரண்டு, ட்ரனியனைக் கழற்றிப் பார், ரப்பர் அனைத்தையும் மாற்று, ரேடியேட்டரைச் சோதி, பெட்ரோல் பாதையைப் புதிதாக்கு, பிரேக்கைப் பிரித்துப் பூட்டு. பட்டி டிங்கரிங்கும் பெயிண்டும் கடைசியில். வாங்கியவுடன் பெயிண்ட் கடைக்கு ஓடுகிறவர்களுக்கு இந்த வரிசை கசக்கும். ஆனால் கரிசல் அறுபது வருடம் காப்பாற்றி வைத்த தகடு இன்னும் ஒரு கோடை பொறுத்துக்கொள்ளும்; வாஷர் பொறுக்காது.